பழைய பாப் பாட்டுகளின் டான்ஸ் ரீமிக்ஸ்: நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எட்டுக்கணக்கு:

வணக்கம் நண்பர்களே. நான் நடன உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். வருபவர்கள் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். எழுபது, எண்பதுகளின் பாப் பாட்டு ஒன்றைப் போட்டால் போதும், முகமே மாறிவிடும், வரிக்கு வரி கூடவே பாடுவார்கள். ஆனால் அசல் பாட்டுகளை வைத்து வகுப்பு நடத்துவது சிரமம். பாட்டு சூடு பிடிப்பதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிடுகிறது. சில பாட்டுகளில், அடி வைக்க நாங்கள் எண்ணுகிற எட்டு எண்ணிக்கை நடுவில் உதைக்கிறது. அதனால்தான் டான்ஸ் ரீமிக்ஸ் தேட ஆரம்பித்தேன்.

எல்டன் ஜானும் டூவா லிபாவும் பாடிய ‘கோல்ட் ஹார்ட்’ போட்டால் ஒருவர்கூட உட்காருவதில்லை. அதே வகுப்பில் வேறொரு பழைய பாட்டின் ரீமிக்ஸைப் போட்டேன். பீட் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் பாடவில்லை. ஓர் அம்மா நின்றேவிட்டார். "குரல் அவருடையதுதான், ஆனா யாரோ பின்னாலிருந்து தள்ளுற மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது எனக்கும் கேட்டது, காரணம்தான் புரியவில்லை.

ஏன் சில ரீமிக்ஸ் ஒட்டுகிறது, சிலது ஒட்டுவதில்லை? முழுதும் கேட்டு நேரத்தை விடாமல், முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா?

கேசட் காலம்:

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். முக்கால்வாசி ரீமிக்ஸ்களுக்குத் தேவையே இல்லை. ஏற்கெனவே பிரபலமான பாட்டு என்பதால் தேடுபவர் தானாக வருவார், அந்தத் தைரியத்தில் செய்கிறார்கள். உங்கள் வகுப்புக்கு அசல் டிஸ்கோ பாட்டுகளையே எடுங்கள். 1977-இல் வந்த பீ ஜீஸின் ‘ஸ்டேயிங் அலைவ்’ பாட்டில் டிரம் யாரும் உட்கார்ந்து முழுதாக வாசித்ததில்லை. டிரம்மர் அப்போது ஊரில் இல்லை. ‘நைட் ஃபீவர்’ பாட்டுக்கு அவர் வாசித்திருந்த இரண்டு பார், அதாவது இரண்டு தாளச் சுற்று நீள டேப்பை வெட்டி, வளையமாக ஒட்டி, சுற்றவிட்டுப் பதிவு செய்தார்கள். அதனால்தான் அது அவ்வளவு சீராக நடக்கிறது. இந்த மாதிரிப் பாட்டுக்கு ரீமிக்ஸ் எதற்கு?

பன்னிரண்டு அங்குலம்:

எட்டுக்கணக்கு, நான் பல வருடமாக விருந்துகளில் பாட்டு போடுகிறேன், சொந்த உபயோகத்துக்குப் பாட்டுகளை நீட்டி வெட்டி எடிட் செய்வதும் உண்டு. உங்கள் வகுப்பு அம்மா சொன்னது மிகச் சரியான காது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அறுபது, எழுபதுகளில் பெரும்பாலான பாட்டுகளை ஒரு குழுவே சேர்ந்து வாசித்துப் பதிந்தார்கள். வேகத்தைப் பிடித்து வைக்கிற கிளிக் சத்தம் காதில் ஓடாது. சரணத்தில் நிமிடத்துக்கு 116 அடி வேகத்தில் நடக்கிற டிரம்மர், பல்லவி வரும்போது உற்சாகத்தில் 119-க்கு ஏறிவிடுவார். பாடகர் அந்த ஏற்ற இறக்கத்தின் மேல்தான் பாடுகிறார். அதிலும் நல்ல பாடகர்கள் பீட் விழுந்த இடத்திலேயே சொல்லைப் போடமாட்டார்கள். ஒரு வார்த்தையைக் கொஞ்சம் பிந்தி எடுப்பார்கள், அடுத்ததை முந்திப் பிடிப்பார்கள். ரீமிக்ஸ் செய்கிறவர் இந்தக் குரலை எடுத்து, கம்ப்யூட்டரில் 124 என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு அசையையும் கட்டத்தின் மேல் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? சுருதி சரி, தாளம் சரி, ஆனால் பாடகர் யோசித்து வைத்த தாமதம் எல்லாம் போய்விடும். "பின்னாலிருந்து தள்ளுற மாதிரி" என்று அவர் சொன்னது இதைத்தான்.

கவனமாகச் செய்பவர்கள் ஒவ்வொரு வரியின் முதல் சொல்லை மட்டும் பீட்டோடு பொருத்துவார்கள், வரிக்குள் நடப்பதைத் தொடமாட்டார்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதி ரீமிக்ஸ் பிழைத்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவது, கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம். பழைய பாப் பாட்டுகளில் சரணத்துக்கு ஒரு கார்ட் வரிசை, பல்லவிக்கு வேறு, நடுவில் பிரிட்ஜ் என்கிற மாறுபட்ட பகுதி வந்தால் இன்னொன்று என்று இருக்கும். மெட்டு அந்தக் கார்டுகளின் மேல் சாய்ந்துதான் நிற்கிறது. இதைத் தூக்கி, பாட்டு முழுக்கச் சுற்றுகிற நான்கு கார்ட் லூப்பின் மேல் வைத்தால், பல்லவியில் விரியவேண்டிய இடம் விரியாது. கூடவே பாட வாயெடுத்தவர் அங்கேதான் நிறுத்துகிறார். பிரிட்ஜையே வெட்டிவிடுகிறவர்கள் இன்னும் மோசம், பாட்டில் மனசு மாறுகிற இடமே அதுதான்.

சரி, நன்றாக வந்தவை எப்படி வந்தன? எனக்கு என்றைக்கும் முதல் உதாரணம் ‘டாம்ஸ் டைனர்’. சூசன் வேகா 1987 ஆல்பத்தில் எந்த வாத்தியமும் இல்லாமல் வெறும் குரலில் பாடியது. 1990-இல் டிஎன்ஏ என்ற இரண்டு பேர் கொண்ட பிரிட்டிஷ் குழு அதன் கீழே ஒரு பீட்டைப் போட்டார்கள். அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தார்கள். பாட்டின் கடைசியில் வார்த்தை எல்லாம் முடிந்தபின் வேகா முனகுகிற அந்த ‘து து து’ வருகிறதே, அதை எடுத்து முன்னால் வைத்துப் பல்லவி ஆக்கினார்கள். அசலில் அது வாலில் கிடந்தது. இன்று பாட்டின் பெயர் தெரியாதவருக்குக்கூட அந்த முனகல் தெரியும். பாட்டுக்குள்ளேயே இருந்த ஒன்றை இப்படித் தேடிக் கண்டுபிடிப்பவரைத்தான் நான் ரீமிக்ஸர் என்பேன்.

எவ்ரிதிங் பட் த கேர்ள் குழுவின் ‘மிஸ்ஸிங்’ இன்னொன்று. அசல் 1994, டாட் டெர்ரியின் ரீமிக்ஸ் 1995. சோகப் பாட்டு. அவர் அந்தச் சோகத்தைக் கலைக்கவே இல்லை. டிரேசி தார்னின் குரல் அதே ஒதுக்கத்தோடு பாடுகிறது, கீழே ஹவுஸ் என்கிற நடன இசையின் டிரம் நிற்காமல் ஓடுகிறது. அசல் பெரிதாகக் கவனிக்கப்படாத பாட்டு, ரீமிக்ஸ் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது.

உங்கள் ‘கோல்ட் ஹார்ட்’ விஷயம் கொஞ்சம் வேறு. அது ஒரு பாட்டின் ரீமிக்ஸ் கிடையாது. ஆஸ்திரேலியாவின் ப்னௌ (Pnau) குழு எல்டன் ஜானின் நான்கு பாட்டுகளிலிருந்து எடுத்துக் கோத்தது: ‘சேக்ரிஃபைஸ்’ (1989), ‘ராக்கெட் மேன்’ (1972), ‘கிஸ் த பிரைட்’ (1983), ‘வேர்ஸ் த ஷூரா’ (1976). இதே குழு 2012-இலேயே குரலும் வாத்தியங்களும் தனித்தனியாக இருக்கும் அவருடைய பழைய மல்டிடிராக் பதிவுகளை வைத்து ஒரு முழு ஆல்பம் செய்திருக்கிறது. அவருடைய குரலோடு அவ்வளவு பழக்கம். அப்புறம் வேகம், அது 116 பக்கம்தான். 128-க்கு விரட்டவில்லை. உங்கள் வகுப்பினர் மூச்சு வாங்காமல் கூடவே பாட முடிவது அதனால்தான்.

கண்டுபிடிக்க வழி கேட்டீர்கள். நான் செய்வது இது. ரீமிக்ஸின் முதல் நிமிடத்தைத் தாண்டி, நேராக இரண்டாம் பல்லவிக்குப் போங்கள். டிரம்மைக் கவனிக்காமல் கூடவே வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். மூச்சு எடுக்க இடம் இருந்தால் அந்த ரீமிக்ஸை எடுங்கள். குரலில் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போன்ற ஒரு நடுக்கம் கேட்டால், குரலை அளவுக்கு மீறி இழுத்தோ சுருக்கியோ இருக்கிறார்கள், விட்டுவிடுங்கள்.

கேசட் காலம் அவர்களுக்கு: தேவையில்லாதவை நிறைய வருகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டான்ஸ் ரீமிக்ஸ் பிறந்ததே ஆடுகிறவர்களுக்காகத்தான், அதை மறக்கக் கூடாது. எழுபதுகளின் நடுவில் நியூயார்க்கில் டாம் மௌல்டன், ஆட்டம் சூடு பிடிக்கும்போது பாட்டு முடிந்துவிடுகிறதே என்ற ஒரே ஆதங்கத்தில் பாட்டுகளை நீட்ட ஆரம்பித்தார். 1975-இல் குளோரியா கேனரின் ஆல்பத்தில் மூன்று பாட்டுகளை இடைவெளியே இல்லாமல் கோத்து ஒரு பக்கம் முழுக்க ஓடவிட்டார். அடுத்த வருடம் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பர்சென்ட்’ பாட்டை வால்டர் கிப்பன்ஸ் பத்து நிமிடத்துக்குப் பக்கமாக நீட்டினார். கடையில் விற்பனைக்கு வந்த முதல் 12 அங்குல சிங்கிள் என்று பொதுவாக அதைத்தான் சொல்வார்கள். பெரிய தட்டில் கோடுகளை அகலமாக வெட்டலாம், பேஸ் கனமாக நிற்கும். என் பெயர் அங்கிருந்து வந்ததுதான். மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடுகிறது என்று எட்டுக்கணக்கு எழுதியிருக்கிறாரே, மௌல்டனுக்கு இருந்த அதே குறைதான்.

எட்டுக்கணக்கு:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. இரண்டாம் பல்லவிச் சோதனையை என் பட்டியலில் உடனே செய்து பார்த்தேன். வகுப்பில் எடுபடாத பாட்டுகள் எல்லாம் அதிலேயே மாட்டிக்கொண்டன. எல்லாவற்றிலும் மூச்சுக்கு இடமே இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். ரொம்ப மெதுவான பாட்டுகளை எப்படி டான்ஸ் பாட்டாக மாற்றுகிறார்கள்? அப்புறம், இப்போது குரலைத் தனியாகப் பிரிக்க மென்பொருள் இருக்கிறதே, நானே செய்து பார்க்கலாமா?

ஸ்டூடியோ மூலை:

உரிமை பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், நான் இசைப்பதிவுத் துறையில் இருப்பவன். ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது. பாட்டை எழுதியவர்களின் உரிமை ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. அசல் குரலைப் பயன்படுத்தி வெளியிட இரண்டும் வேண்டும். அதனால்தான் பலர் பாட்டைப் புதுக் குரலில் திரும்பப் பாடவைக்கிறார்கள், அப்போது ஒலிப்பதிவு உரிமை தேவைப்படாது. டிரேசி சாப்மன் 1988-இல் பாடிய ‘ஃபாஸ்ட் கார்’ பாட்டை ஜோனஸ் புளூ 2015-இல் டகோட்டா என்ற பாடகியை வைத்து எடுத்தது அப்படித்தான். ‘டாம்ஸ் டைனர்’ ரீமிக்ஸ்கூட முதலில் அனுமதி இல்லாமல் வந்த பூட்லெக். ஏ அண்ட் எம் நிறுவனம் வழக்குப் போடாமல் அதையே வாங்கி வெளியிட்டது. அது அபூர்வமாக நடந்தது, அதை நம்பி நாம் இறங்க முடியாது. வீட்டில் செய்து பழகுங்கள், அனுமதி இல்லாமல் எங்கும் ஏற்றாதீர்கள். வகுப்பில் பாட்டு போடுவதற்கே உரிமம் தேவைப்படலாம், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு அங்குலம்:

ஸ்டூடியோ மூலை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

மெதுவான பாட்டுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. பாட்டு 61-இல் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குரலைத் தொடாமல், கீழே 122-இல் டிரம் போட்டால் பாட்டின் ஒரு அடிக்கு இரண்டு கிக் (பெரிய டிரம்மின் அடி) விழும். குரல் தன் நிதானத்தில் மிதக்கும், கால் ஓடும். சிக்கல் 85, 90 பக்கம் இருக்கிற பாட்டுகளில்தான். இரட்டித்தால் தாங்காது, 120-க்கு இழுத்தால் பாடகர் அவசரப்படுவது போலாகிவிடும். அந்த வேகத்துப் பாட்டின் ஹவுஸ் ரீமிக்ஸ் கண்ணில் பட்டால் சந்தேகத்தோடு கேளுங்கள்.

பிரிக்கும் மென்பொருள் பற்றி. டீசர் நிறுவனம் 2019-இல் ஸ்ப்ளீட்டரை இலவசமாக வெளியிட்டது, ஃபேஸ்புக் ஆய்வுக்குழுவின் டெமக்ஸும் இருக்கிறது. தாராளமாகச் செய்து பாருங்கள். ஆனால் பிரித்த குரலைத் தனியாகக் கேட்டால் பின்னால் சிம்பலின் எச்சம் சலசலக்கும், எதிரொலி பாதியில் அறுந்திருக்கும். நீங்கள் போடும் புது டிரம் அதை ஓரளவு மூடிவிடும். குரலை முழுவதும் சுரண்டி எடுக்கப் பார்க்காமல், அசலின் பேஸையும் கிட்டாரையும் கொஞ்சம் கூடவே விட்டுவையுங்கள். கார்ட் சண்டையும் வராது. முதல் முயற்சிக்கு நீளம் கூட்டுவதோடு நிறுத்துங்கள்: வாத்தியம் மட்டும் ஓடுகிற எட்டு பார் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதைத் திரும்ப வைத்து முன்னிசையை நீட்டுங்கள். மௌல்டனும் பாட்டை நீட்டுவதில்தான் தொடங்கினார்.

எட்டு எண்ணிக்கை உதைக்கிறது என்று முதலில் எழுதியிருந்தீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அது உங்கள் எண்ணிக்கையின் தவறில்லை. 1967-இல் டியான் வார்விக் பாடி வெளிவந்த ‘ஐ சே எ லிட்டில் பிரேயர்’ பல்லவியை எண்ணிப் பாருங்கள். பர்ட் பாக்கராக் நான்கு அடி பார்களுக்கு நடுவில் மூன்று அடி பார் ஒன்றைச் சொருகியிருக்கிறார். வரி எங்கே முடியவேண்டுமோ அங்கே முடிகிறது, அதுதான் அழகு. ரீமிக்ஸர் அதில் ஓர் அடியைச் சேர்த்து நேராக்கினால் ஆடுபவருக்கு வசதி, பாடுபவருக்கு இடறும். இந்த மாதிரிப் பாட்டுகளை ஆட்டத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். வகுப்பு முடிந்து கைகாலை நீட்டும்போது அசலைப் போடுங்கள், எல்லோரும் சேர்ந்து பாடட்டும்.

உங்கள் வகுப்புக்கு என் வரிசை இது. தொடக்கத்துக்கு ‘கோல்ட் ஹார்ட்’. உடம்பு சூடானதும் எல்விஸின் ‘எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்’, 1968 பாட்டு, ஜேஎக்ஸ்எல் செய்த 2002 ரீமிக்ஸ். அதில் அசலின் பித்தளை வாத்தியங்களைத் தூக்கி எறியாமல் முன்னால் நிறுத்தியிருக்கிறார், கைவீச்சுக்கு அருமையாக வரும். அடுத்து ‘மிஸ்ஸிங்’. அதன்பின் விட்னி ஹூஸ்டனின் ‘ஹையர் லவ்’. 1990-இல் அவர் பாடிவைத்த குரல், கைகோ 2019-இல் கட்டிய இசை. பல்லவியில் அவர் குரல் மேலே ஏறும்போது கைகோ அதற்கு இடம் விட்டிருப்பதைக் கேளுங்கள். உச்சத்துக்கு டானா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’. 1977 அசலே சின்தசைசரில் ஓடுவது, நேர்கோடு மாதிரி நிற்கும். பேட்ரிக் கௌலி அதை 15 நிமிடத்துக்கு மேல் நீட்டிய 1978 ரீமிக்ஸ் கிடைத்தால் நடுவிலிருந்து ஆறு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், முழுதும் ஓடவிட்டால் முழங்கால் தாங்காது.