பாசி எடுக்கப் போற அம்மாவுக்கு முட்டி வலி, பிசியோதெரபி கேக்குமா?

பாம்பன்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு பாம்பன் பக்கத்துல சின்னப்பாலம், அம்மாவுக்கு 54 வயசு, சின்ன வயசுலேர்ந்து கடலுக்குள்ள இறங்கி கடல்பாசி எடுக்கப் போறவங்க. இப்ப ரெண்டு முட்டியும் வலி, வலதுல ஜாஸ்தி. காலையில எந்திரிச்சதும் கொஞ்ச நேரம் கால மடக்க முடியல, நடக்க நடக்க சரியாகுது, சாயங்காலம் கரைக்கு வந்து பாசிய காயப்போட்டு முடிக்கிறதுக்குள்ள திரும்ப ஆரம்பிச்சிருது, தரையில உக்காந்தா எந்திரிக்க ஆள் கை குடுக்கணும். எக்ஸ்ரே எடுத்து தேய்மானம்னு சொல்லி மாத்திரையும் பிசியோதெரபியும் எழுதிக் குடுத்தாங்க. ஆனா பக்கத்து வீட்டுல எல்லாரும் தேஞ்ச முட்டிய ஆட்டுனா இன்னும்தான் தேயும், பேசாம படுத்துக்கிடங்கன்னு சொல்லி அம்மாவ பயமுறுத்திட்டாங்க. வேலைக்குப் போகாமயும் இருக்க முடியாது. என்ன பண்றது?

பிசியோ_ராம்நாடு:
தங்கச்சி, முதல்ல அம்மாவ படுக்க வைக்காதீங்க. தேய்மானத்துக்கு உலகம் பூரா டாக்டருங்க முதல்ல சொல்ற வைத்தியமே உடற்பயிற்சிதான், எந்த வயசா இருந்தாலும். முட்டிய தாங்குறது எலும்பு மட்டும் இல்ல, முன்தொடை சதையும் இடுப்பு சதையும் சேர்ந்துதான் தாங்குது. வலிக்குதேன்னு நடக்காம இருந்தா அந்த சதை வத்திப்போகும், சதை வத்தினா பாரம் பூரா மூட்டு மேலயே விழும், இன்னும் வலிக்கும். எக்ஸ்ரேய பாத்து பயப்படாதீங்க, படத்துல ரொம்ப தேஞ்சு தெரியிறவங்க நல்லா நடப்பாங்க, லேசா தெரியிறவங்க வலில துடிப்பாங்க, ரெண்டையும் நான் தினம் பாக்குறேன்.

வீட்ல செய்ய வேண்டியது: கால நீட்டி உக்காந்து முட்டிக்கு அடியில துண்ட சுருட்டி வச்சு, அத கீழ அமுக்கி 5 எண்ணுற வரைக்கும் பிடிச்சு விடணும், ஒவ்வொரு காலுக்கும் 10 தடவ. அப்புறம் மல்லாக்க படுத்து ஒரு கால மடக்கி வச்சுட்டு இன்னொரு கால நேரா ஒரு அடி உயரம் தூக்கி மெதுவா இறக்கணும், அதும் 10. இது ரெண்டும் லேசாயிருச்சுன்னா கொஞ்சம் உயரமான நாற்காலில கைய ஊணாம எந்திரிச்சு உக்காரணும், என் அனுபவத்துல இதுதான் முக்கியம், ஏன்னா அம்மாவுக்கு தினசரி தேவைப்படுற அசைவே இதுதான். செய்யும்போது லேசா வலிச்சா பரவால்ல, மறுநாள் காலைல வலி பழைய அளவுக்கு வந்துருச்சுன்னா அளவு சரி, கூடுதலா இருந்தா எண்ணிக்கைய குறைங்க. ரெண்டே நாள்ல பலன் தெரியாது, சதை ஏற 6லேர்ந்து 12 வாரம் ஆகும், அதுவரைக்கும் விடக்கூடாது.

கடலுக்குள்ள நிக்கிறது முட்டிக்கு கெடுதல்னு நினைக்காதீங்க. இடுப்பளவு தண்ணில உடம்பு பாரம் பாதியா குறைஞ்சிரும். பாறைல கால் வழுக்கி முட்டி திருகுறது, நனைஞ்ச மூட்டைய தலைல வச்சு மணல்ல ஏறுறது, கரைல குத்த வச்சு தூசி தட்டுறது, இந்த மூணுதான் முட்டிய கெடுக்குது. மூட்டைய ரெண்டா பிரிச்சு தூக்குங்க, பாசிய தட்டுறதுக்கு ஒரு ஸ்டூல் போட்டு உக்காருங்க.

வல்லத்துக்காரன்_மண்டபம்:
அண்ணன் சொன்னது தேய்மானத்துக்கு. அடிபட்டதுன்னா கதையே வேற, அதையும் இங்க சொல்லிடுறேன். வல்லத்துலேர்ந்து (நாட்டுப்படகு) குதிக்கிறப்போ கால் மண்ணுல பதிஞ்சு உடம்பு மட்டும் திரும்பி எனக்கு முட்டில டப்புன்னு சத்தம் கேட்டுச்சு, மறுநாள் வீங்கிருச்சு, மடக்கினா பாதில மாட்டிக்கிட்டு நீட்ட வரல. ஸ்கேன்ல உள்ள இருக்க ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு சொன்னாங்க. பிசியோல முதல்ல வீக்கம் வடிய ஐஸ், அப்புறம் முழுசா நீட்டப் பழகுறது, அப்புறம் பலம், கடைசியில ஒத்தக்கால்ல நின்னு பேலன்ஸ். நல்ல வேளை அப்ப கொஞ்ச நாளு கடலுக்குப் போக வேண்டியதில்லாம இருந்துச்சு, அதனால நிதானமா செய்ய முடிஞ்சுது. எனக்கு ஆப்பரேஷன் இல்லாமயே சரியாச்சு, எல்லாருக்கும் அப்படி ஆகாது. அடிபட்ட உடனே நாலு எட்டு நடக்க முடியலன்னா கட்டு கட்டுற இடத்துக்குப் போகாதீங்க, எலும்பு முறிவா இருக்கலாம், முதல்ல எக்ஸ்ரே எடுங்க.

கீழக்கரை_லாத்தா:
எங்கம்மாவுக்கும் இதே வலிதாம்மா. தொழுகையில உக்காந்து எந்திரிக்க முடியாம அழுதுக்கிட்டு இருந்தாங்க, நாற்காலில உக்காந்து தொழலாம்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னப்புறம்தான் மனசு ஆறுச்சு. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல அரசாங்கம் ஆரம்பிச்சாங்கள்ல, அதுல நடக்க முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோ சொல்லிக் குடுக்குறாங்க, உங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டுப் பாருங்க. காசு கிடையாது.

பாம்பன்பொண்ணு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். இன்னும் மூணு கேள்வி. அம்மா மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி தினமும் போடுறாங்க, அது சரியா? முட்டில மாட்டுற உறை, நீ கேப், அத போடலாமா? எடையும் கொஞ்சம் கூடத்தான்.

பிசியோ_ராம்நாடு:
மாத்திரைய தினமும் தானா வாங்கிப் போடக்கூடாது தங்கச்சி, வயித்துல புண்ணு வரும், கிட்னியும் பாதிக்கும், பிரஷர் சுகர் இருந்தா இன்னும் ஆபத்து. முட்டிக்கு மேல தடவுற டைக்ளோபினாக் ஜெல் அதவிட பாதுகாப்பு, அதயும் டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்குங்க. நீ கேப் வேலை நேரத்துல போட்டா தெம்பா இருக்கும், ஆனா சதைய வளக்காது. எடை கண்டிப்பா முக்கியம், ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு எட்டுக்கும் முட்டில விழுற பாரம் நாலு கிலோ குறையுது. வலது முட்டிதான் ஜாஸ்தின்னா ஊன்றுகோல இடது கைல பிடிக்கச் சொல்லுங்க, நிறைய பேரு வலிக்கிற பக்கமே பிடிச்சுக்கிட்டு வர்றாங்க. முட்டி செவந்து சூடா வீங்கி காய்ச்சலும் வந்தாலோ, கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சாலோ பயிற்சிய நிறுத்திட்டு அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிருங்க.