க்வீன்ஸ் ஹெச்.டி.ஐ.சி. கோர்ட் அனுப்பும் பெண்களுக்கு ஆறு செஷனில் என்ன கவுன்சலிங் கொடுக்க முடியும்?

வெண்பா_எம்எஸ்டபிள்யூ எழுதியது:

வணக்கம். நியூயார்க்கில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இரண்டாம் வருடம் படிக்கிறேன். இந்த வருடம் ஃபீல்டு பிளேஸ்மென்ட் (களப்பயிற்சி) க்வீன்ஸில் ஒரு சின்ன தொண்டு நிறுவனத்தில். கியூ கார்டன்ஸ் க்ரிமினல் கோர்ட்டில் ஹியூமன் டிராஃபிக்கிங் இன்டர்வென்ஷன் கோர்ட் (ஆள்கடத்தலில் சிக்கியவர்களுக்கு உதவும் கோர்ட்) என்று ஒன்று நடக்கிறது, இங்கே எல்லோரும் ஹெச்.டி.ஐ.சி. என்பார்கள். பாலியல் தொழில் வழக்கிலும், லைசென்ஸ் இல்லாமல் மசாஜ் செய்த வழக்கிலும் பிடிபட்டவர்கள் அங்கே வருவார்கள். ஐந்தாறு கவுன்சலிங் செஷன் முடித்தால் கேஸை ஆறு மாதம் தள்ளிவைப்பார்கள். அதற்குள் புதிதாக எதிலும் மாட்டாவிட்டால் தள்ளுபடி செய்து ரெக்கார்டை சீல் வைத்துவிடுவார்கள். அந்தச் செஷன்களுக்குத்தான் எங்களிடம் வருகிறார்கள்.

என் பிரச்சினை இதுதான். வருகிறவர்கள் பேசுவதே இல்லை. போன வாரம் வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கதவுக்குப் பக்கத்து நாற்காலியை இன்னும் கொஞ்சம் கதவோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சூப்பர்வைசர் சொன்னபடி பிசிஎல்-5 கொடுத்தேன் (பி.டி.எஸ்.டி. என்கிற, அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பைப் பார்க்கிற 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க்). இருபதுக்கும் பூஜ்யம். கெட்ட கனவு இல்லை, பயம் இல்லை, ஒன்றுமே இல்லை. ஆனால் வெளியே லிஃப்ட் மணி அடித்தபோது தூக்கிவாரிப்போட்டு எழுந்து நின்றார்.

ஆறு செஷனில் ட்ராமா (மன அதிர்ச்சி) சிகிச்சை என்று எதையாவது செய்ய முடியுமா? கோர்ட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அந்த அறையில் நான் கவுன்சலரா, கோர்ட்டின் ஆளா என்றே சில சமயம் தெரியவில்லை.

---

எடிசன்_குமார் எழுதியது:

தெரியாமல்தான் கேட்கிறேன். கடத்தப்பட்டவர் என்று கோர்ட்டே சொல்கிறது என்றால் அவரை ஏன் கைது செய்ய வேண்டும்? கைது செய்துவிட்டு அப்புறம் கவுன்சலிங் என்றால் யார் வாயைத் திறப்பார்கள்?

---

ஃப்ளஷிங்_அக்கா எழுதியது:

குமார் தம்பி, நீங்கள் கேட்டதைத்தான் இந்தக் கோர்ட்டை எதிர்க்கிறவர்களும் பல வருடமாகக் கேட்கிறார்கள். 2004 வாக்கில் க்வீன்ஸில் ஜட்ஜ் ஃபெர்னாண்டோ கமாச்சோ இதைத் தொடங்கிவைத்தார், 2008இலிருந்து ஜட்ஜ் டோக்கோ செரிடா நடத்தினார். 2013 செப்டம்பரில் அப்போதைய தலைமை நீதிபதி ஜோனதன் லிப்மன் மாநிலம் முழுக்க விரிவாக்கினார். இவர்களைக் குற்றவாளியாகப் பார்க்காதே, பாதிக்கப்பட்டவராகப் பார் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் உள்ளே வருகிற வழி கைவிலங்குதான். 2021இல் மன்ஹாட்டன் டி.ஏ. (மாவட்ட அரசு வக்கீல்) இந்த வழக்குகளைப் போடுவதையே நிறுத்தினார், தெருவில் நின்றாலே பிடிக்க வழி கொடுத்த சட்டத்தையும் மாநிலம் ரத்து செய்தது. இதோடு முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் 2024 அக்டோபரில் அப்போதைய மேயர் ஆடம்ஸ் க்வீன்ஸின் ரூஸ்வெல்ட் அவென்யூவில் பாலியல் தொழிலையும் குறிவைத்து 90 நாள் போலீஸ் நடவடிக்கையை ஆரம்பித்தார். என் கருத்து கேட்டால், கைதே இல்லாமல் இந்த உதவி கிடைக்க வேண்டும். ஆனால் வெண்பாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறவர் ஏற்கெனவே கைதாகிவிட்டார். அவரைப் பற்றிப் பேசுவோம்.

வெண்பா, நான் எல்.சி.எஸ்.டபிள்யூ. (சிகிச்சை தர லைசென்ஸ் உள்ள சோஷியல் ஒர்க்கர்). இந்தக் கோர்ட்டிலிருந்து வருகிறவர்களை ரொம்ப வருடம் பார்த்திருக்கிறேன். இப்போது ஒரு கிளினிக்கில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், உங்கள் சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ஆறு செஷனில் ட்ராமா சிகிச்சை செய்யப் பார்க்காதீர்கள். நடந்ததைச் சொல்லவைத்து அதைச் சீர்செய்கிற சிகிச்சைக்கு, சொல்கிறவர் தானாக வந்திருக்க வேண்டும், அடுத்த வாரமும் வரலாம் என்கிற தைரியம் இருக்க வேண்டும், ராத்திரி போய்ப் படுக்கப் பத்திரமான இடம் வேண்டும். இவருக்கு மூன்றும் இல்லை. வராவிட்டால் வாரண்ட் வரும் என்று பயந்து வந்தவர். பாதி பேர் தூங்குவதே கடையில், பகலில் வேலை செய்கிற அதே மசாஜ் மேசையில்தான். அந்த மணிச் சத்தத்துக்கு அவர் ஏன் எழுந்து நின்றார் என்று நினைக்கிறீர்கள்? கடை வாசலில் மணி அடித்தால் வருவது வாடிக்கையாளரா, போலீஸா, கொள்ளைக்காரனா என்று கேமராவில் பார்க்க வேண்டும். அப்படியே பழகிய உடம்பு.

முதல் செஷனை நான் காகிதத்துக்கு மட்டும்தான் ஒதுக்குவேன். வெள்ளைத் தாளில் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் கோர்ட்டுக்குப் போவது: எந்தத் தேதி வந்தார், எந்தத் தேதி வரவில்லை. வலது பக்கம் கோர்ட்டுக்குப் போகாதது: மற்ற எல்லாம். அவர் மொழியில் எழுதி, அவர் கையிலேயே கொடுப்பேன். அப்புறம் விதிவிலக்குகள்: உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்து, இன்னொருவருக்கு ஆபத்து, குழந்தைக்கு நடக்கும் கொடுமை. இந்த மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் ஏமாற்றியதுபோல் ஆகிவிடும். லைசென்ஸ் உள்ள சோஷியல் ஒர்க்கரிடம் சொன்னதற்கு நியூயார்க்கில் சட்டப் பாதுகாப்பு உண்டு, சி.பி.எல்.ஆர். என்கிற மாநில சிவில் நடைமுறைச் சட்டத்தின் 4508ஆம் பிரிவு. நீங்கள் மாணவி என்பதால் அது உங்கள் விஷயத்தில் எப்படிப் பொருந்தும் என்று சூப்பர்வைசரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடிதம் பற்றி. "நல்ல முன்னேற்றம் தெரிகிறது" என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். இன்று ஒருவருக்கு முன்னேற்றம் என்று எழுதினால், நாளைக்கு எழுதாமல் விட்ட ஆள் மாட்டிக்கொள்வார். ஜட்ஜுக்குத் தேவை வருகைப் பதிவு. அதை மட்டும் கொடுங்கள். "கோர்ட்டின் ஆளா" என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது.

உங்கள் நோட்ஸிலும் அவர் கதையை விவரமாக எழுதாதீர்கள். கதையை அவரிடம் ஏற்கெனவே போலீஸ் கேட்டாயிற்று, வக்கீல் கேட்டாயிற்று, இன்னும் குடியேற்றத் துறைக்கும் சொல்ல வேண்டிவரும். ட்ராமாவில் நினைவு துண்டு துண்டாகத்தான் வரும், ஒவ்வொரு தடவையும் வேறு துண்டு. உங்கள் நோட்டில் ஒரு மாதம், அவர் வாக்குமூலத்தில் வேறு மாதம் என்று இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்கிறார் என்பார்கள்.

மிச்ச ஐந்து செஷனில் என்ன செய்வது? அவருக்கு எது வலிக்கிறதோ அது. இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. ஒரு பெண் மூன்று செஷன் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். பயத்தில் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பல்வலி. கடைவாய்ப் பல் சீழ் பிடித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் செஷன் முழுக்க ஸ்பீக்கரில் போனைப் போட்டு ஒரு அரசு மருத்துவமனையின் டென்டல் கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் வாங்கினோம். பாதி நேரம் ஹோல்ட் மியூசிக். அவர் முதல் தடவையாகச் சிரித்தது அந்த மியூசிக்குக்குத்தான். பல் பிடுங்கி வந்த பிறகுதான் தூக்கத்தைப் பற்றிப் பேச்சே வந்தது.

இன்ஷூரன்ஸ் கிடைக்காதவர்களுக்கு என்.ஒய்.சி. கேர் என்ற நகர மருத்துவத் திட்டம் இருக்கிறது, விசா கேட்கமாட்டார்கள். ஐடி.என்.ஒய்.சி. என்ற நகர அடையாள அட்டை வாங்கிக் கொடுங்கள். பாஸ்போர்ட் முதலாளி கையில் இருக்கும் ஆளுக்குத் தன் பெயரும் படமும் போட்ட ஒரு அட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்தால்தான் தெரியும். அந்த அட்டைக்கு அடையாள ஆவணம் கேட்பார்கள், எதை ஏற்பார்கள் என்று முதலிலேயே பட்டியலைப் பார்த்துவிடுங்கள். கடன் எவ்வளவு, யாருக்கு, வட்டி எப்படி என்பதை அவர் பேச விரும்பினால் பேசுங்கள். ரொம்பப் பேருக்குத் தூக்கத்தைக் கெடுப்பது நடந்த கொடுமையைவிட, இந்த மாதம் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம்தான்.

உடம்பை அமைதிப்படுத்தும் பயிற்சிகளில் ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுங்கள், போதும். பாதம் தரையில் அழுத்துவது மாதிரி, கடையில் வாடிக்கையாளர் எதிரில் இருக்கும்போதும் யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். கண்ணை மூடுவது இவர்களுக்கு ஆபத்தான காரியம்.

அந்த இருபது பூஜ்யத்தைப் பற்றியும் சொல்கிறேன். கோர்ட் அனுப்பிய இடத்தில், முன்பின் தெரியாத ஆளிடம், இதுதான் புத்திசாலித்தனமான விடை. அதை வைத்து அவருக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் படிவத்தை ஐந்தாவது செஷனில் திரும்பக் கொடுத்துப் பாருங்கள், அல்லது கொடுக்காமலே விடுங்கள்.

---

கோர்ட்_மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் கோர்ட்டிலும் போனிலும் தமிழ், இந்தி இரண்டுக்கும் மொழிபெயர்ப்பு செய்கிறேன். இந்தக் கோர்ட்டுக்கு அதிகம் வருவது சீன, கொரிய, ஸ்பானிஷ் பேசுகிறவர்கள்தான், நம் ஆட்கள் அரிது. ஆனால் எந்த மொழியாக இருந்தாலும் இது பொருந்தும்.

கூடவே ஒரு "அக்கா" வருவார். "எனக்கு ஆங்கிலம் தெரியும், நானே சொல்கிறேன்" என்று முன்னால் வந்து நிற்பார். விடாதீர்கள். உறவா, நண்பரா, கடையின் மேனேஜரா என்று உங்களுக்குத் தெரியாது. வெளியே காத்திருக்கச் சொல்லுங்கள், முடிந்தால் வேறு மாடியில்.

இன்னொன்று. சின்னச் சமூகங்களில் நேரில் வரும் மொழிபெயர்ப்பாளரே பயம். நான் ஒரு அறைக்குள் நுழைந்ததும் அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கோவிலில் என்னைப் பார்த்திருக்கிறாராம். என்னால் வெளியே ஒரு வார்த்தை போகாது, தொழில் விதி அது. அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் முதலிலேயே கேளுங்கள்: நேரில் வேண்டுமா, போனில் வேண்டுமா, ஆணா, பெண்ணா, வேறு மாநிலத்து ஆளா. போன் என்றால் கிளையன்ட்டின் பெயரை மொழிபெயர்ப்பாளரிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பெரும்பாலானவர்கள் போன்தான் கேட்பார்கள்.

ஐஸ் (ஃபெடரல் குடியேற்ற அமலாக்கத் துறை) விஷயத்தையும் கேட்பார்கள், தயாராக இருங்கள். 2017 ஜூனில் இந்தக் கோர்ட் நடக்கும் நாளிலேயே க்வீன்ஸ் கட்டிடத்துக்கு ஐஸ் அதிகாரிகள் வந்தார்கள். அந்தக் கதை இன்னும் எல்லா வீசாட் (சீன மெசேஜ் ஆப்) குழுவிலும் ஓடுகிறது. 2020 டிசம்பரில் மாநிலம் ஒரு சட்டம் போட்டது: ஜட்ஜ் கையெழுத்திட்ட வாரண்ட் இல்லாமல் மாநில நீதிமன்றங்களில் குடியேற்றக் கைது கூடாது. ஆனால் அது ஃபெடரல் கட்டிடங்களுக்குப் பொருந்தாது. "பயப்படாதீர்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல் வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்.

---

வெண்பா_எம்எஸ்டபிள்யூ எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. கோடு போட்ட தாளை நேற்றே செய்துபார்த்தேன். வலது பக்கத்தை அவர் ரொம்ப நேரம் படித்தார். அப்புறம் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கோட் இன்னும் கழலவில்லை!

ஒரு சந்தேகம். அவர் வக்கீல் டி விசாவுக்கு (கடத்தலில் பாதிக்கப்பட்டவர்களுக்கான விசா) விண்ணப்பிக்கலாம் என்கிறார், அதற்கு என்னிடம் மனநல மதிப்பீடு ஒன்று கேட்கிறார். எழுதலாமா? சூப்பர்வைசர் கையெழுத்திடத் தயாராக இருக்கிறார்.

---

ஃப்ளஷிங்_அக்கா எழுதியது:

எழுத வேண்டாம். வக்கீல் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார், அவர் கேட்பதில் விஷயமும் இருக்கிறது. டி விசாவுக்குப் பொதுவாக போலீஸ் விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும். உடல் அல்லது மன பாதிப்பால் முடியாதவர்களுக்கும், சம்பவம் நடந்தபோது 18 வயது நிரம்பாதவர்களுக்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கை நிரூபிக்க மனநல மதிப்பீடு பெரிய துணை. ஆனால் அதற்கு முழுக் கதையையும் தேதி வாரியாகக் கேட்டு எழுத வேண்டும். கவுன்சலிங் கொடுக்கிற ஆளே அதைச் செய்தால், இதுவரை "சொல்ல வேண்டியதில்லை" என்ற அறை "சொல்லியே ஆக வேண்டும்" என்ற அறையாகிவிடும். உங்கள் நோட்ஸும் கோப்பில் போய்ச் சேரும்.

வக்கீலிடம் சொல்லுங்கள்: மதிப்பீட்டுக்குத் தனியாக ஒரு சைக்காலஜிஸ்ட். இந்தக் கோர்ட்டில் லீகல் எய்ட் சொசைட்டியின் எக்ஸ்ப்ளாய்டேஷன் இன்டர்வென்ஷன் ப்ராஜெக்ட் வக்கீல்கள் வருவார்கள், உங்கள் ஆளுக்கும் அவர்கள்தான் என்றால் மதிப்பீடு செய்யும் ஆட்களை அவர்களுக்குத் தெரியும். மதிப்பீட்டுக்கு முந்தின நாளும் அடுத்த நாளும் நீங்கள் அவரைப் பாருங்கள். அந்த இரண்டு நாளும் தூக்கம் போய்விடும், சாப்பாடு இறங்காது. உங்கள் வேலை அங்கேதான். நீங்கள் தரக்கூடியது வருகைக் கடிதம் ஒன்று, அவர் சம்மதித்தால் இந்தத் தேதியிலிருந்து கவுன்சலிங்குக்கு வருகிறார் என்ற ஒரு வரி.

இன்னும் ரெண்டு விஷயம் வக்கீலிடம் கேட்டு வையுங்கள். ஒன்று, கேஸ் சீல் ஆனாலும் குடியேற்றப் படிவத்தில் கைதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "எல்லாம் அழிந்துவிடும்" என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் இப்போதே திருத்துங்கள். இரண்டு, பழைய தண்டனை ஏதாவது இருக்கிறதா. கடத்தலில் மாட்டியவர்களின் பாலியல் தொழில் தண்டனையை ரத்து செய்ய 2010இலேயே நியூயார்க் சட்டம் கொண்டுவந்தது, அமெரிக்காவில் இதுதான் முதல். 2021 நவம்பரில் ஸ்டார்ட் ஆக்ட் என்ற மாநிலச் சட்டம் அதைக் கடத்தல்காரன் செய்யவைத்த மற்றக் குற்றங்களுக்கும் விரித்தது. அதற்கு மனு போட வேண்டும், தானாக நடக்காது.

ஆறாவது செஷனில் பரிசு, சான்றிதழ், கைதட்டல் எதுவும் வேண்டாம். கட்டாயம் முடிந்தது, இனி வர விருப்பம் இருந்தால் இதே நாற்காலி, இதே கிழமை, கோர்ட்டுக்கு ஒரு கடிதமும் போகாது என்று சொல்லுங்கள். அதற்கு உங்கள் நிறுவனத்தில் அனுமதி இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். நிதி தருகிறவர்கள் கோர்ட் அனுப்பும் ஆட்களுக்கு மட்டும்தான் காசு தருவார்கள் என்று ஆறாவது செஷன் முடிந்த பிறகு தெரிந்தால் ரொம்பக் கஷ்டம். இல்லை என்றால் எங்கள் கிளினிக்குக்கு ரெஃபரல் போடுங்கள், இங்கே தனி மெசேஜ் அனுப்புங்கள், விவரம் தருகிறேன்.