பஞ்சாயத்துத் தலைவரை மைக் முன்னால் உட்கார வைத்தால் அது அரசியலா?

சனிக்கிழமைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தாமிரபரணிப் பக்கம் ஒரு சமுதாய வானொலியில் நான்கு வருஷமாக இருக்கிறேன். 100 வாட், 30 மீட்டர் கம்பம், அவ்வளவுதான் எங்கள் ராஜ்ஜியம். பத்து கிலோமீட்டர் தாண்டினால் கொரகொரப்புதான் கேட்கும்.

சனிக்கிழமை காலை ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிவந்து பேசவைக்கும் நிகழ்ச்சி என்னுடையது. ரேஷன் கடைக்காரர் வந்திருக்கிறார், கிராம சுகாதார செவிலியர் வந்திருக்கிறார், கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு பாடும் அம்மா ஒருவர் இரண்டு தடவை வந்திருக்கிறார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் யார் வீட்டுக்கு எந்த ஊரிலிருந்து மணியார்டர் வரும் என்று மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பிக்க, அவரை நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. மற்றபடி ஒரு வம்பும் வந்ததில்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முந்தின வாரம் பஞ்சாயத்துத் தலைவரை அழைத்தேன். நேரலை. எங்கள் ஸ்டுடியோவில் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும். மனுஷர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருபது நிமிஷம் நன்றாகப் பேசினார். கூட்டத்துக்கு யார் யார் வரலாம், செலவுக் கணக்கை அங்கே எப்படிக் கேட்பது, தீர்மானத்தை நோட்டில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், அதற்கு முன்னால் போடாதீர்கள் என்றெல்லாம். பிறகு ஒரு போன். "தலைவரே, மேலத்தெரு விளக்கு மூணு மாசமா எரியல." இவர் சட்டென்று, "உங்க தெரு ஓட்டு போன தடவை எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றுவிட்டார்.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இழுத்து இறக்கினேன். கை நடுங்கியது. கம்ப்யூட்டரில் அடுத்து என்ன இருக்கிறது என்று பார்க்காமலே தட்டிவிட்டேன். வந்தது டெங்கு விழிப்புணர்வுப் பாட்டு. தலைவர் பேச்சு முடிந்த அடுத்த நொடி, "கொசுவை ஒழிப்போம்" என்று கோரஸ். நான் வேண்டுமென்றே போட்டேன் என்றுதான் இன்றுவரை ஊர் நம்புகிறது. டீக்கடையில் என்னைப் பார்த்தாலே சிரிக்கிறார்கள்.

திங்கட்கிழமை, தேர்தலில் தோற்றவர் வந்து நின்றார். "அவருக்கு அரை மணி நேரம் கொடுத்தீங்கல்ல, எனக்கும் வேணும்." எங்கள் மேலாளர் பயந்துபோய், இனி பதவியில் இருப்பவர், நின்றவர், நிற்கப்போகிறவர் யாருமே வேண்டாம், சமையல் குறிப்பு போடு என்கிறார். உங்கள் ஊர்களில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பழைய ஒலிநாடா எழுதியது:

அம்மா, உங்கள் மேலாளர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 சமுதாய வானொலி தொடங்கியபோது கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் அனுமதி. 2006-இல்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. திறந்த கையோடு ஒரு பூட்டும் போட்டார்கள்: செய்தி, நடப்பு விவகாரம், அரசியல் தன்மை உள்ளது எதுவும் கூடாது. 1995-இல் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச் சொத்து என்று சொன்னதை அந்தக் காலத்தில் நான் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். சொத்து பொதுவானாலும் சாவி நம்மிடம் இல்லை. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

ஆனால் விதி ஆளைத் தடுக்கவில்லை, பேச்சைத்தான் தடுக்கிறது. குடிநீர், மின்சாரம், வானிலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு இவை எல்லாம் செய்தி அல்ல என்று தனியார் எஃப்.எம்.களுக்கான 2011 கொள்கையிலேயே பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஆகவே தலைவரைத் தண்ணீருக்குப் பொறுப்பானவராக அழையுங்கள். "உங்கள் ஆட்சியில் என்ன சாதித்தீர்கள்?" என்று கேட்டால் அவர் மேடை ஏறிவிடுவார். "கீழத்தெரு வால்வை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள்?" என்று கேட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு மணி சொல்லித்தான் ஆக வேண்டும்.

நேரலை வேண்டவே வேண்டாம். முந்தின நாளே பதிவு செய்யுங்கள். ஒலிபரப்பான நிகழ்ச்சியை மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொசுப் பாட்டையும் சேர்த்துத்தான்.

வாய்க்கால்வரப்பு எழுதியது:

ஒலிநாடா ஐயா சொல்வதில் பாதிதான் சரி. பதிவு செய்து வெட்டி ஒட்டினால் அப்புறம் அந்த நிகழ்ச்சிக்கும் அரசு விளம்பரத்துக்கும் என்ன வித்தியாசம்? மேலத்தெருக்காரர் போன் பண்ணியதுதான் அன்றைக்கு நடந்த ஒரே உருப்படியான விஷயம். அவருக்கு இன்னும் விளக்கு எரிந்ததா என்று யாருமே கேட்கவில்லை, கவனித்தீர்களா?

இன்னொன்று. ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பது. சுயேச்சைச் சின்னம்தான். எனவே காகிதத்தில் உங்கள் தலைவர் எந்தக் கட்சியும் இல்லை! ஒன்றியக் கவுன்சிலரை அழைத்திருந்தால் கதை வேறு, அவர் கட்சிச் சின்னத்தில் ஜெயித்தவர். எங்கள் தலைவரும் சுயேச்சைதான். வீட்டு வாசலில் கொடிக்கம்பம், காரில் கொடி, பேரன் காதுகுத்துக்கு எம்.எல்.ஏ. வந்தார். சுத்தமான சுயேச்சை.

அக்கா, பிரச்சினை விருந்தாளி இல்லை. அவர் பேசும்போது ஃபேடரை இறக்காமல், "தலைவரே, ஓட்டுக் கதை வேண்டாம், விளக்குக்குப் பதில் சொல்லுங்க" என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் ஊர் வேறு விதமாகச் சிரித்திருக்கும்.

ஸ்காபரோ நேயர் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்து ஆள். ரொறன்ரோவில் இருபது வருசமாக இரவு வேலை, வானொலிதான் துணை. இங்கே தமிழ் வானொலிகளில் அரசியல்வாதி வருவது சாதாரண விசயம். தேர்தல் கிட்ட வந்தால் "வணக்கம்" மட்டும் தெரிந்த வெள்ளைக்கார வேட்பாளர்கூட வந்து இருந்து கதைப்பார். நேயர்கள் போன் எடுத்து விளாசுவார்கள், அவரும் சிரித்துக்கொண்டு பதில் சொல்லுவார்.

அதற்காக எல்லாம் அவிழ்த்து விட்டிருக்கு என்று நினைக்காதேங்கோ. தேர்தல் காலத்தில் ஒரு கட்சிக்கு நேரம் கொடுத்தால் மற்றக் கட்சிகளுக்கும் எதிர் வேட்பாளர்களுக்கும் நியாயமான அளவில் கொடுக்கவேணும் என்று கனடா வானொலி ஒழுங்குவிதியிலேயே இருக்கு. ஒலிபரப்பினதை நாலு கிழமை (வாரம்) வைத்திருக்கவும் வேணும். உங்கள் ஊரில் மூன்று மாதம் என்றபடியால் நீங்கள்தான் கடுமை.

தோற்ற ஆள் வந்து அரை மணித்தியாலம் கேட்டதை வம்பு மாதிரி எழுதியிருக்கிறியள். எனக்கு அது வம்பாகத் தெரியவில்லை, தங்கச்சி. அவர் கேட்டது நியாயம்தானே? அவருக்கும் ஏதாவது தெரிந்திருக்கும். அதைக் கேளுங்கோவன்.

சனிக்கிழமைக்காரி எழுதியது:

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மேலாளர் தலைவரை ஒத்துக்கொள்ளவில்லை. சரி, வால்வைத் திறக்கிற ஆளையே கூப்பிடலாம் என்று எங்கள் டேங்க் ஆபரேட்டரை அழைத்தேன். பதிவுதான், நேரலை இல்லை. மைக் முன்னால் உட்கார்ந்ததும் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். அது கலகலத்துக்கொண்டே இருந்தது, எடுத்து மடியில் வைக்கச் சொன்னேன். ஆள் கூச்ச சுபாவம். பத்து நிமிஷம் "ஆமாம்", "இல்லை" தவிர எதுவும் வரவில்லை. மேலாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மேலத்தெருவுக்கு மட்டும் ஏன் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சாவியையே பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். அஞ்சரைக்கு வால்வைத் திறக்கிறேன், டேங்க்கில் 30,000 லிட்டர் இருக்கிறது, எல்லாத் தெருவுக்கும் போதும். ஆனால் தண்ணீர் மேடு ஏறுவதற்கு முன்னால் நடுத்தெருவில் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சிவிடுகிறார்கள். எத்தனை வீடு? "ஏழு." எந்தெந்த வீடு? பெயர் சொல்லாதீர்கள் என்று கையைக் காட்டினேன். அவரும் பெயர் சொல்லவில்லை. "வாசல்ல வேப்பமரம் நிக்கிற வீட்டுல இருந்து ஆரம்பிச்சா, பச்சை கேட் வரைக்கும்" என்றார். மேலாளர் டீயைக் கீழே வைத்தார்.

அந்த வரியை வெட்டினேன். வீட்டு அடையாளம் ரேடியோவில் போகக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. "ஏழு வீடு, நடுத்தெரு" என்பதை மட்டும் விட்டேன். அதுவே போதுமாக இருந்தது. நிகழ்ச்சி போன அன்று சாயங்காலம் நடுத்தெருவில் ஆளுக்கு ஆள் "நம்ம வீடு இல்ல" என்று சொல்லிக்கொண்டு நடந்தார்களாம். மோட்டார் எடுத்தார்களா என்று கேட்டால், நான்கு வீட்டில் எடுத்தார்கள். மூன்று வீட்டில் இரவு மாட்டுகிறார்கள்.

வாய்க்கால்வரப்பு தம்பி, நீ கேட்டது உறுத்தியது. மேலத்தெருவுக்கே போய்ப் பார்த்தேன். மூன்று விளக்கில் இரண்டு எரிகிறது.

ஸ்காபரோ அண்ணா, தோற்றவர் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் நடந்தது. அவர் குளத்துப் பாசனச் சங்கத்தில் இருக்கிறவர். மடை எப்போது திறப்பார்கள், முறைத் தண்ணீர் யாருக்கு முதலில் என்று முக்கால் மணி நேரம் பேசினார். ஒரு இடத்தில் மட்டும் "நான் வந்திருந்தா..." என்று இழுத்தார். மடையைத் தூர்வாரியது எந்த மாதம் என்று கேட்டேன், யோசிக்கப் போய்விட்டார். அதற்கு வந்த போன் பதினொன்று, எல்லாம் விவசாயிகள். வில்லுப்பாட்டு அம்மாவுக்குக்கூட ஒன்பதுதான்.

நேற்றுத் தலைவர் போன் செய்தார். அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால் தானும் வருவதாகச் சொன்னார். தெருவிளக்குக் கணக்கு எழுதி எடுத்து வருகிறாராம். மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை. போனை வைக்கும் முன் தலைவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: "அந்தக் கொசுப் பாட்டு அன்னைக்கு இருக்குமா?"