தரவுத்தள நிர்வாகிகளே, உங்களை உலுக்கிய பணி அனுபவம் எது?

நான் தொடங்குகிறேன். ஒரு மாலை, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் வாடிக்கையாளர் அட்டவணைக்குப் புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்த்தார்கள். காலி நெடுவரிசைதான், கண் இமைப்பதற்குள் முடிய வேண்டிய வேலை. முடியவில்லை. சற்று நேரத்தில் உள்நுழைவுப் பக்கமே திறக்கவில்லை. சிபியு ஓய்ந்து கிடந்தது, வட்டிலும் அசைவில்லை, இணைப்புகளின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. சர்வரை மறுதொடக்கம் செய்துவிடலாமே என்று ஆளாளுக்கு நெருக்கினார்கள்.

சுமையே இல்லாமல் எல்லாம் நின்றுவிட்டால் முதலில் பூட்டைத்தான், அதாவது ஒருவர் வேலை முடியும் வரை மற்றவரைக் காத்திருக்க வைக்கும் ஏற்பாட்டைத்தான், சந்தேகிக்க வேண்டும். எந்த இணைப்பு என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைப் பார்த்தேன். காத்திருந்தவை எல்லாவற்றுக்கும் முன்னால், நெடுவரிசையைச் சேர்க்கும் அந்த ஆல்ட்டர் டேபிள் கட்டளை. அதற்கும் முன்னால், யாரோ ஓர் அறிக்கைக் கருவியில் பிகின் கொடுத்து ஒரு பரிவர்த்தனையை (ஒரே தொகுப்பாக முடிய வேண்டிய வேலையை) தொடங்கி, தரவைப் படிக்கும் ஒரு செலக்ட் ஓட்டிவிட்டு, கமிட் செய்து முடிக்காமல் விட்டுப்போன இணைப்பு. வெறுமனே படித்தவர் மற்றவர் படிப்பதைத் தடுப்பதில்லை. ஆனால் ஆல்ட்டர் டேபிள் கேட்பது முழுத் தனிப்பூட்டு; படித்தவர் ஒருவர் முடிக்காமல் இருந்தாலும் அது கிடைக்காது. அது கிடைக்காமல் வரிசையில் நிற்கும்போது, பின்னால் வருகிற மிக எளிய செலக்ட்டும் அதைத் தாண்டிப் போக முடியாது.

யாரை நிறுத்துவது? ஆல்ட்டரை ரத்து செய்தேன். அது இன்னும் எதையுமே மாற்றவில்லை, ஆகவே யாருக்கும் இழப்பில்லை. வரிசை உடனே கலைந்தது. பிறகு அறிக்கைக்கு உரியவரிடம் பேசி, அவர் சரி என்ற பின்னரே அந்த இணைப்பைத் துண்டித்தேன். மறுதொடக்கம் செய்திருந்தால் நடுவில் இருந்த நல்ல பரிவர்த்தனைகளும் சேர்ந்து அறுந்திருக்கும். இப்போது எந்த அட்டவணை மாற்றத்துக்கும் முன்னால் பூட்டுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரமான லாக்_டைம்அவுட்டை 2 விநாடி என்று வைக்கிறோம். பூட்டு கிடைக்காவிட்டால் மாற்றம் தானே விலகிக்கொள்ளும், பிறகு முயலலாம். கமிட் செய்யாமல் சும்மா கிடக்கும் பரிவர்த்தனைகளுக்குக் கால வரம்பு வைக்கும் வசதி 9.6 பதிப்பிலேயே வந்துவிட்டது, ஆனால் இயல்பு நிலையில் அது அணைந்தே இருக்கும். தயவுசெய்து இன்றே பாருங்கள்.

*

என் அனுபவம் பேக்கப் பற்றியது. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புறை தவறுதலாக அழிக்கப்பட்டது. கை கொடுக்க வேண்டிய பேக்கப் வேலை, கருவியின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் முன்பே தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஏறக்குறைய 6 மணி நேரத் தரவு போயிற்று. அந்த நிறுவனம் அத்தனையையும் ஒளிக்காமல் வெளியிட்டது. அந்த நேர்மைக்கு நம் தொழில் கடன்பட்டிருக்கிறது.

அதைப் படித்திருந்ததால், புதிதாகப் பொறுப்பேற்ற இடத்தில் முதல் வேலையாக பேக்கப்பைத் தனிக் கணினியில் மீட்டுப் பார்த்தேன். தினசரி அறிக்கை எப்போதும் பச்சை. மீட்டபோதோ பயனர் கணக்குகள் இல்லை என்று வரிக்கு வரி பிழை. போஸ்ட்கிரஸின் பேக்கப் கருவியான பிஜி_டம்ப் தரவுத்தளத்தை மட்டுமே எடுக்கும், பயனர் கணக்குகளைத் தனியாக எடுக்க வேண்டும்; அதை யாரும் செய்திருக்கவில்லை. நேரமும் பெரிதாக இழுத்தது, அதில் பெரும்பகுதி, தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ்களை மறுபடி கட்டியதற்கே. ஒரு மணி நேரத்தில் மீண்டுவிடலாம் என்று நம்பியிருந்த மேலாளரிடம் உண்மையான கணக்கைக் கொடுத்தேன். முகம் கறுத்தது. ஆனால் முதன்மை விழுந்தால் கைகொடுக்கும் துணைச் சர்வருக்கான ஒப்புதல் அந்த வாரமே வந்தது.

*

நண்பர்கள் இருவருக்கும் நன்றி. என்னுடையது மெதுவாக வந்த ஆபத்து. மைஎஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தளத்தில், ஒவ்வொரு புதிய வரிக்கும் தானாக ஏறும் வரிசை எண்ணைச் சாதாரண இன்ட் (முழு எண்) வகையில் வைத்திருந்தார்கள். அதன் எல்லை 2147483647. எட்டிவிட்டால் புதிய வரி எதுவும் ஏறாது; வருகிற பிழைச் செய்தியும் 'டூப்ளிகேட் என்ட்ரி' (ஏற்கெனவே உள்ள பதிவு) என்றுதான் இருக்கும், பார்க்கிறவர் நிரலில் குறை தேடுவார். எண் எல்லையை நெருங்குவதை முன்கூட்டியே கண்டு, இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் பிக்இன்ட்டுக்கு மாற்றப் பராமரிப்பு நேரம் கேட்டேன். இன்னும் ஓடுகிறதே, பிறகு பார்க்கலாம் என்றார்கள். தினசரி வளர்ச்சியை வைத்து எல்லையைத் தொடும் தேதியைக் கணித்து எழுதிக் கொடுத்த பிறகுதான் அசைந்தார்கள். அந்த எண்ணைச் சுட்டும் துணை அட்டவணைகளையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது, அதற்குத்தான் அதிகப் பாடுபட்டோம்.

உடையாத ஒன்றைச் சரிசெய்ய நேரம் கேட்கும்போது நீங்கள் எதைக் காட்டிச் சம்மதிக்க வைக்கிறீர்கள்? அறிய விரும்புகிறேன்.