லாலான் புல்லு எரிஞ்ச மூனாம் நாள் பன்றி வருமா, வராதா?

மூனாம் டிவிஷன்காரன்:
டவுன் கோப்பிக்கடையில ஒரு பெரிய மனுஷன் நேத்து அடிச்சு விடுறாரு: "லாலான் எரிஞ்ச எடத்தை மூனு வாரத்துக்குக் காட்டுப்பன்றி எட்டிக்கூடப் பாக்காது." சுத்தி இருந்த நாலு பேரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுறானுங்க. எனக்குத் தே தாரிக் டீ தொண்டையில இறங்கல.

பழைய தோட்டத்து மூனாம் டிவிஷன் லயத்துக்குப் பின்னால, ரப்பர் பால்மரத்தை வெட்டிட்டு அப்படியே விட்ட காடு. ஞாயித்துக்கிழமை எரிஞ்சது, பொம்பா தீயணைப்புக்காரங்க வந்து அணைச்சாங்க. புதன்கிழமை காலையில போய்ப் பாத்தேன். ஆள் உசரத்துக்கு நின்ன லாலான் பூராவும் கருகித் தரையோட கெடக்கு. இத்தனை வருஷமா கண்ணுக்கே தெரியாத லயத்துச் சிமெண்ட் படிக்கட்டு, ஒடஞ்ச பால் மங்கு எல்லாம் வெளிய வந்துடுச்சு. பன்றி நடந்து நடந்து தேஞ்ச தடம், கரிக்கு நடுவுல வெளுத்த கோடா ஓடுது. அதுமேல சாம்பல்ல புதுக் காலடி. முன்னால ரெண்டு குளம்பு, பின்னால ஓரமா ரெண்டு பொட்டு. பன்றி. மூனாம் நாள். புரியுதா? மூனாம் நாள்.

கோப்பிக்கடை மூலை:
அந்தப் பெரிய மனுஷன் நான்தான் தம்பி. மூஞ்சிக்கு நேரா சொல்லத் தைரியம் இல்லாம இங்க வந்து எழுதுறியா? எங்கப்பா லைசென்ஸோட துப்பாக்கி வச்சிருந்தவரு. லாலான் எரிஞ்சா குருத்து ஊசி மாதிரி கெளம்பணும், விரல் நீளம் வளரணும், அப்புறம்தான் எதுவும் வரும். சாம்பலைத் திங்கவா வரும்? அது கெடக்கட்டும். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். விரலை மடக்கி எண்ணு. நாலாம் நாள்.

மூனாம் டிவிஷன்காரன்:
கருமாதிக்கா எண்ணுறீங்க அண்ணே? ஞாயிறு சாயங்காலம் எரிஞ்சது, புதன் காலையில நான் நிக்கிறேன். மூனு நாளே முழுசா ஆகல!

பன்றி என்ன புல்லு மேயுற மாடா? லாலான்ல மேல இருக்கறதுதான் எரியும். மண்ணுக்குள்ள ஓடுற வெள்ளை வேருக்கு ஒன்னும் ஆகாது, அதனாலதான் சனியன் மறுபடி மறுபடி முளைக்குது. பன்றி மூக்கால மண்ணைக் கிண்டி வேரு, மண்புழு, வண்டுப்புழு எல்லாம் திங்கும். தீயில வெந்த நத்தையும் ஓணானும் இனாம். விருந்து போட்ட எடத்துக்கு மூனு வாரம் கழிச்சு வர்றதுக்கு அது என்ன மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தியா? மூனாம் நாள் வந்துச்சு.

ராஜா மூசா ஓரம்:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். எரிஞ்சது எந்த மண்ணு? எங்க பக்கம் கம்புட் மண்ணு, எல தழை மக்கி அடுக்கடுக்கா சேர்ந்த கரி மண்ணு. மேல தீ அணைஞ்சாலும் கீழ வாரக்கணக்கா பொகைஞ்சுக்கிட்டே இருக்கும். வேரு அடியில வெந்து, நல்லா நிக்கிற மரம் காத்தே இல்லாம சாயும். தெரியாம கால வச்சா உள்ள எறங்கிடும், உள்ள நெருப்பு. அங்க மூனாம் நாள் புத்தியுள்ளவன் எவனும் போகமாட்டான். மண்ணு எதுன்னு சொல்லிட்டு அப்புறம் சண்டை போடுங்க.

கோப்பிக்கடை மூலை:
பாத்தியா, அவரும் வராதுன்னுதான் சொல்றாரு.

மூனாம் டிவிஷன்காரன்:
மண்ணு எதுவா வேணா இருக்கட்டும். காலடி கெடந்துச்சா இல்லையா? கெடந்துச்சு. எத்தனாவது நாள்? மூனாம் நாள்.

பெஸ்தாரி பொண்ணு:
எந்த ஊருன்னு ஒருத்தரும் சொல்லலையே. பெஸ்தாரி ஜெயாவா?

கோப்பிக்கடை மூலை:
பத்தாங் பெர்ஜுந்தைன்னு பழைய பேரைச் சொல்லு. 2007ல அவங்க பேரை மாத்தினா என் வாயையும் மாத்தணுமா?

பெஸ்தாரி பொண்ணு:
2007ல பொறந்தவங்க ஓட்டே போடலாம் மாமா. இன்னுமா பழகல?

சட்டம் தெரிஞ்சவன்:
ஒருத்தரும் முக்கியமானதைப் பேசல. 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி சுட பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்கு இலாகா லைசென்ஸ் வேணும். திறந்தவெளியில எரிக்கிறது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குத்தம். தீ வச்சது யாரு?

மூனாம் டிவிஷன்காரன்:
துப்பாக்கியே எடுத்துட்டுப் போகல சார். முனியாண்டிக்கு ஒரு சுருட்டைப் பத்த வச்சுட்டு, வெறுங்கையோட பாக்கத்தான் போனேன்.

கோப்பிக்கடை மூலை:
சுருட்டா? ஞாயித்துக்கிழமையும் ஒன்னு பத்த வச்சியோ?

மூனாம் டிவிஷன்காரன்:
நாக்கை அடக்கிப் பேசுங்க. ஞாயித்துக்கிழமை நான் பந்திங்ல கல்யாணத்துல இருந்தேன், முந்நூறு பேரு சாட்சி. நீங்க கேட்டதால சொல்றேன். லாலான் எரிஞ்சதுல நாலு கம்பிச் சுருக்கு வெளிய தெரிஞ்சது. மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி. ஒன்னுல பழைய எலும்பும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சுருக்கு வைக்கிறது சட்டப்படி குத்தம்னு சார் சொல்லுவாரு. நம்ம டவுன்ல மோட்டார் கடை யாரு குடும்பத்துக்கு இருக்குன்னு நான் சொல்லல.

கோப்பிக்கடை மூலை:
என் தம்பி கடையை இழுக்குறியா? போன தீபாவளிக்குக் கறி பங்கு போட்டப்ப எங்க வீட்டுத் தொடை எங்க போச்சுன்னு மொதல்ல சொல்லு. எலும்பும் கொழுப்பும் ஒரு பையில கட்டிக் குடுத்த ஆளு, எனக்குக் காலடி பாக்கச் சொல்லித் தர்றியா?

மூனாம் டிவிஷன்காரன்:
பங்கு போட்டது நான் இல்ல. பாராங் கத்தி யாரு கையில இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்.

கறிவேப்பிலை:
2021ல சபாவுல ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்துச்சு, அப்புறம் எங்க பக்கமும் பன்றி கொறைஞ்சு போச்சு. மூனாம் நாளோ முப்பதாம் நாளோ, இருந்தாத்தானே வரும்.

மூனாம் டிவிஷன்காரன்:
ஒரு காலடி போதும் அக்கா. மூனாம் நாள் ஒரு காலடி.

சட்டம் தெரிஞ்சவன்:
படம் இருக்கா?

மூனாம் டிவிஷன்காரன்:
எடுத்தேன். கருப்புத் தரையில வெயில் அடிச்சு ஒன்னும் சரியா விழல. அதுக்குள்ள வியாழக்கிழமை ராத்திரி மழை பேஞ்சு தடம் கரைஞ்சுடுச்சு.

கோப்பிக்கடை மூலை:
ஆமா, மழை. என் அனுபவத்துல அது ஆட்டுக் காலடி.

மூனாம் டிவிஷன்காரன்:
ஆட்டுக்குக் கட்டித் தரையில பின்னால பொட்டு விழுமா? உங்கப்பா சொல்லித் தரலையா? நாளைக் காலையில அங்கதான் போறேன். தைரியம் இருந்தா வாங்க. நாளைக்கு ஏழாம் நாள்.

கோப்பிக்கடை மூலை:
எட்டாம் நாள்.