சுவர்ல ஓதம் ஏறுது, அனுபவப்பட்டவங்க வழி சொல்லுங்க

வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம் தாத்தா கட்டின வீடு. செங்கல், சுண்ணாம்புக் காரை. பத்து வருஷம் முன்னாடிதான் மேல சிமெண்ட் பூச்சு பூசினோம். இப்போ அம்மா படுக்கிற அறையில தரையிலிருந்து மூணு அடி உயரத்துக்கு ஓதம். பெயிண்ட் கொப்புளிச்சு நிக்குது. கட்டைவிரலால அழுத்தினா அப்பளம் மாதிரி நொறுங்கி, உள்ளேயிருந்து வெள்ளையா உப்பு கொட்டுது.

போன வருஷம் நானே சுரண்டி, பட்டி பார்த்து, ஓதம் தடுக்கிற டேம்ப் ப்ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட் அடிச்சேன். ஒரு ஐப்பசி மழை தாங்கல.

பின்பக்கம் குழாய் எதுவும் இல்ல. பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ரெண்டு நாள் ஒட்டிப் பார்த்தேன், சுவரை ஒட்டின பக்கம்தான் முத்து முத்தா தண்ணி. அப்போ ஈரம் சுவருக்குள்ளதானே இருக்கு? சிமெண்ட் பூச்சு அதை வெளியே விடாம அடைக்குதோன்னு தோணுது.

நாலடி வரைக்கும் சிமெண்ட்டைக் கொத்திட்டு சுண்ணாம்புப் பூச்சே பூசலாமா? இல்ல, சுவரோட அடியில துளை போட்டு, ஈரம் மேல ஏறாம தடுக்கிற கெமிக்கல் ஏத்தினா ஓதம் நிக்குமா? கொத்தின பிறகு எத்தனை நாள் காயவிடணும்? சொந்தக் கையால செஞ்சு பார்த்தவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க. அம்மாவுக்கு வீசிங் இருக்கு, மழைக்கு முன்னாடி முடிச்சாகணும்.