நாக்கை அசைக்கச் சொல்லி மூளையைப் பார்த்த அனுபவம் யாருக்காவது உண்டா?

கடலூர் முதுநகர்:
அப்பாவுக்குப் பக்கவாதம், கூடவே வலிப்பு. பாண்டியில் மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தார்கள். திரையில் நெற்றிப் பக்கத்துக் கோடுகள் திடீரென்று பெரிதாக ஏறி இறங்கின. டெக்னீஷியன், "ஐயா, ல ல லான்னு சொல்லுங்க" என்றார். அப்பா குழறிக் குழறிச் சொன்னார். அதே அலை மறுபடி எழும்பியது. அம்மா என் கையைப் பிடித்து, "மூளை வேலை செய்யுதுடா" என்றார். "இது மூளை இல்லம்மா, நாக்கு" என்று சொல்லிவிட்டு டெக்னீஷியன் குறித்துக்கொண்டார். அம்மா முகம் வாடியது இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை.

முத்தியால்பேட்டை:
நான் ஓர் ஆராய்ச்சிக்காக, மூளையில் ரத்த ஓட்டம் மாறுவதை வைத்துப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ.யில் படுத்தேன். தலையின் இரு பக்கமும் பஞ்சு அடைத்துவிட்டார்கள். அம்புக்குறி வந்தால் நாக்கை அசைக்க வேண்டும், புள்ளி வந்தால் விழுங்க வேண்டும். விழுங்குவது சட்டென்று முடிந்துவிடும். மூளையில் ரத்த ஓட்டம் உச்சத்துக்கு வர ஐந்தாறு நொடி ஆகும். தலை ஆடினால் படமும் கெடும். அதனால் இடைவெளி விட்டுத்தான் விழுங்கச் சொன்னார்கள். அந்த இடைவெளிதான் கொடுமை. இயந்திரம் காதுக்குள் இடிக்கிறது, வாய் நிறைய எச்சில், விழுங்கக் கூடாது.

நெல்லிக்குப்பம்:
முதுநகர்க்காரருக்கு: டெக்னீஷியன் சொன்னது பாதிதான் சரி. நாக்கின் நுனி, அடிநாக்கை ஒப்பிட்டால் எதிர் (நெகடிவ்) மின்னேற்றம் உள்ளது. அது அசைந்தால் மண்டையில் ஒட்டிய மின்முனைகளில் அலை தெரியும். அதை மூளை அலை என்று டாக்டர் படித்துவிடக் கூடாது, அதற்குத்தான் அந்தச் சோதனை. ஆனால் சொன்னதைக் காதில் வாங்கி, புரிந்துகொண்டு, உங்கள் அப்பா நாக்கை அசைத்தாரே, அதைச் செய்தது எது? அம்மா சொன்னதில் தப்பே இல்லை.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். படுத்த வாக்கில் ஊட்டவே வேண்டாம். இருமல் இல்லை, அதனால் சரியாக இறங்குகிறது என்று நம்பிவிடாதீர்கள். சிலருக்கு இருமலே வராமல் நுரையீரலுக்குள் போகும். இ.இ.ஜி.யில் இது தெரியாது. எக்ஸ்ரேயில் தெரியும் பேரியத்தை உணவில் கலந்து கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுத்தால் தெரியும். விழுங்குவதை மூளையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்கின்றன. அதனால் ஒரு பக்கம் அடிபட்டாலும் பலருக்கு மறுபக்கம் மெல்ல அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். என் மாமா அப்படித்தான் தேறினார்.

கடலூர் முதுநகர்:
ரொம்ப நன்றிங்க. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், உடனே இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்பாவுக்கு இப்போது மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி. குழாயோடு அந்த எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்களா, இல்லை கழற்றச் சொல்வார்களா? எடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.